வட்டைக்குள் இருந்து வந்த "ஓம்"

செவ்வாய், இரவு.

எங்கள் ஊர் வானொலி மறுபடியும் பேச்சுக்குத்தான் திரும்பும் என்று நான் எப்போதோ சொல்லிவிட்டேன். யார் கேட்டார்கள்? முதலில் மரண அறிவித்தலும் நேயர் விருப்பமும் போட்டார்கள். பிறகு கணினியே நாள் முழுவதும் சினிமாப் பாட்டுப் போட்டது. காலையில் ஒரு மணி நேரம் மட்டும் என் அக்காவின் மகள் சுகந்தி ஆட்களோடு கதைப்பாள். அதையும் இன்றோடு நிறுத்தப்போவதாக முகாமையாளர் சொல்லியிருந்தார். நிறுத்தினால் அவளுக்கு அங்கே வேலையில்லை.

"மாமா, நம்மட ரேடியோட பழைய கதை ஒண்டு சொல்லுங்க. அளக்காமச் சொல்லுங்க," என்று இன்று காலை மைக்கின் முன் என்னை இருத்தினாள்.

நான் அளக்கிற ஆளா? அந்தக் காலத்தில் அறிவிப்பாளர், "வட்டைக்குள்ள நிக்கிற ஆக்களுக்குக் கேக்குதா?" என்றதும், வயலில் நின்ற அத்தனை பேரும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு "ஓம்!" என்று கத்தினார்கள், வாவிக் கொக்கெல்லாம் எழும்பிப் பறந்தன என்றேன்.

உடனே ஏறாவூரில் தையற்கடை வைத்திருக்கும் முஸ்லிம் பெரியவர் ஒருவர், நாங்கள் காக்கா என்போம், தொலைபேசி எடுத்தார். "ஓம் அண்ணன்! நானும் அதுக்குள்ள நிண்டு கத்தின!"

பிறகு எடுத்தவர்கள் எல்லாரும் வணக்கத்துக்குப் பதில் "ஓம்!" என்றே தொடங்கினார்கள். முகாமையாளர் வாயைப் பிளந்து நின்றார். நிகழ்ச்சி தொடருமாம். "ஓம், கேக்குது" என்று பெயரும் வைத்தாயிற்று.

"நீங்க பெரிய ஆள்தான் மாமா," என்றாள் சுகந்தி. அது எனக்கு முன்பே தெரியும்.

நிம்மதியில் தூக்கம் வருகிறது. இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன்: அப்போது ஒருவரும் "ஓம்" என்று கத்தவில்லை. மைக்கைக் கண்ட பயத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன். அந்தக் காக்கா எங்கே நின்று கத்தினார் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.