செத்தும் நீங்கள்தான் அவளுக்குக் கோச்

இஞ்சாருங்கோ, என்ரை ராசா,

உயிரோடை இருக்கேக்கையும் நான் உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, இனி என்னத்துக்குப் பழகுறது? போன ஞாயிற்றுக்கிழமை உங்கடை ரெண்டாம் வருசப் பூசை முடிஞ்சுது. இஞ்சை மொன்றியலிலை மற்றச் சனம் எண்டால் தமிழ்ப் பேப்பரிலை படத்தைப் போட்டு, கீழை நாலு வரி கண்ணீர்ப் பாட்டுப் போடுவினம். நான் பேப்பர் நடத்துற தம்பியிட்டை, "பாட்டு வேண்டாம் தம்பி, எனக்கு மனுசனோடை கொஞ்சம் கொழுவிச் சண்டை பிடிக்கவேணும், இடம் தாங்கோ" எண்டு கேட்டன். முதல் முழுசினார், பேந்து தந்தார். எங்கடை மகள் டிலானிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அதாலை பயமில்லாமல் எழுதுறன்.

எனக்கு உங்களிலை பொறாமை. செத்த மனுசனிலை பொறாமைப்படுறாளே விசரி எண்டு வாசிக்கிற சனம் சிரிக்கும். சிரிக்கட்டும். மேலை போயும் என்ரை பிள்ளையை நீங்கள் விடுறியளில்லை, நான் என்ன செய்ய?

யோசிச்சுப் பாருங்கோ. உங்களுக்கு சென்ட் லோரன்ட் மருந்துக் கொம்பனியிலை காலமை வேலை. எனக்கு டோர்வல் எயார்போட்டிலை பின்னேர வேலை, பிளேனுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கிறது. பிள்ளையின்ரை பாஸ்கற்போல் எல்லாம் பின்னேரத்திலைதானே. அப்ப பயிற்சிக்கு ஏத்திப் பறிக்கிறதும் நீங்கள், மச்சிலை குந்தியிருந்து கத்துறதும் நீங்கள். நீங்கள் மச் பாத்தியள், நான் அந்த மச்சின்ரை உடுப்பைத் தோய்ச்சன். இத்தனைக்கும் யாழ்ப்பாணத்திலை கொன்வென்ரிலை படிக்கேக்கை நெற்போல் ரீமிலை விளையாடினது ஆர்? நான். நீங்கள் பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடாத மனுசன்.

சனிக்கிழமை மத்தியானம் மூண்டு பேரும் சாப்பிட இருப்பம். நீங்கள் ரெண்டு பேரும் கறிக்கோப்பையளைத் தள்ளித் தள்ளி வைச்சு, பருப்புக்கோப்பை எதிர்ப்பக்கம், மீன்கோப்பை எங்கடை பக்கம் எண்டு மச்சைத் திருப்பி விளையாடுவியள். அவள் ரீமிலை கார்ட். பந்தைக் கொண்டுவந்து மற்றப் பிள்ளையளுக்குப் பிரிச்சுக் குடுக்கிற இடம். "அந்தப் பிள்ளை மறிக்க ஆளில்லாமல் நிண்டவளெண்டால் அவளுக்கு எறிஞ்சிருக்கலாமே" எண்டு நான் ஒருநாள் வாயைத் திறந்தன். "லெஸ் தொம்பே, அம்மா" எண்டாள். விட்டிடுங்கோவாம். நீங்களும் சேர்ந்து சிரிச்சியள். அந்தச் சிரிப்பு எனக்கு இண்டைக்கும் ஆறேல்லை.

நீங்கள் கண்ணை மூடின மாசம்தான் நான் முதல்முதலாய் அவளின்ரை யூனிவேர்சிற்றி மச்சுக்குப் போனன். லீவு கேட்டு எடுத்துக்கொண்டு போனன். பந்து டிலானியின்ரை கையிலை வந்தோடனை எனக்குப் பின்னாலை ஒரு கியூபெக் மனுசி எழும்பி நிண்டு, "கீலை பாக்காதை!" எண்டு கத்துறா. மாதாவே! எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. நீங்கள் கத்துற சொல்லாம். பந்தைத் தட்டேக்கை கீழை பாக்காதை எண்டு மகளுக்குக் கத்திக் கத்தி, அந்தப் பக்கத்துத் தாய் தேப்பன் எல்லாருக்கும் பழக்கிப் போட்டியள். மனுசி என்னைக் கட்டிப்பிடிச்சு, உங்கடை புருசன்தான் எங்களுக்குச் சொல்லித் தந்தவர் எண்டு பிரெஞ்சிலை சொல்லி அழுதா. நானும் அழுதன். ஆனா உண்மையைச் சொல்லுறன், எனக்கு வயிறு எரிஞ்சது. ஒரு ஹோல் முழுக்க உங்கடை குரல். எனக்கு இருக்கிறதுக்கு ஒரு மூலை.

அந்த வருசமே பிரான்சிலை வடக்குப் பக்கத்துச் சின்ன ஊர் ஒண்டிலை ஒரு கிளப் அவளைக் கேட்டுது. சம்பளத்துக்கு விளையாடப் போயிட்டாள். நீங்கள் இதைக் கேட்டிருந்தால் கோயில் வாசலிலை நிண்டு வாறவை போறவை எல்லாருக்கும் புழுகியிருப்பியள். அதை உங்களுக்காக நான் செய்தன், குறை விளங்காதையுங்கோ.

அங்கையிருந்து மச் எல்லாத்தையும் டிவிடியிலை அடிச்சு அனுப்புறாள். எனக்கெண்டு நினைச்சியளோ? "அப்பாவின்ரை படத்துக்கு முன்னாலை போட்டுக் காட்டுங்கோ அம்மா" எண்டாள். மாதாவின்ரை சுருவத்துக்குப் பக்கத்திலை நீங்கள் பல்லைக் காட்டிக்கொண்டு தொங்குறியள். நானும் ரீவியை உங்கடை பக்கம் திருப்பிப்போட்டு, உடுப்பைச் சுருக்கம் எடுத்து மினுக்கிக்கொண்டு நிப்பன். பேந்து ஞாயிற்றுக்கிழமை ரெலிபோன் எடுப்பாள். "அப்பா என்ன சொன்னவர்?" எண்டு கேப்பாள். பகிடியாய்த்தான் கேக்கிறாள், ஆனா முழுக்கப் பகிடியுமில்லை. மறுமொழி வரும்வரைக்கும் மூச்சு விடமாட்டாள்.

ஒருநாள் நான் சொன்னன்: "நீ இடப்பக்கம் போகப் பயப்பிடுறியாம்."

பேந்து, "ஓம். உண்மை" எண்டாள்.

அது நீங்கள் சொன்னதோ? படம் சொல்லுமோ? கையிலை மினுக்கிப்பெட்டியோடை நிண்டு நான் கண்டது. அடுத்த கிழமை இடப்பக்கத்தாலை வெட்டிக்கொண்டு போய்க் கூடைக்குள்ளை போட்டிருக்கிறாள். "மெர்சி அப்பா!" எண்டு ரெலிபோனிலை கத்துறாள். அம்மா நான் ரெலிபோனைக் காதிலை பிடிச்சுக்கொண்டு நிக்கிறன்.

பிறகு நான் மினுக்கிறதை விட்டிட்டு இருந்து பாக்கத் தொடங்கினன். பந்தைக் குடுக்கப் போற பிள்ளையைப் பாத்திட்டுக் குடுக்கிறாய், எதிர்ப்பக்கம் அதைக் கண்டு பிடிக்குது, கண்ணை ஒரு பக்கம் விட்டு மற்றப் பக்கம் குடு எண்டு உங்கடை பேரிலை சொன்னன். எங்களுக்கு நெற்போலிலை முதல் பழக்கினதே அதுதானே. "அப்பாவுக்கு என்ன கண் பாருங்கோ!" எண்டாள். எனக்கு ரெலிபோனைப் போட்டு உடைக்கவேணும் போலை இருந்தது.

இந்த மாரிக் குளிர் தொடங்கேக்கை புதுக் கோச் வந்தான். ஒரு அமெரிக்கப் பிள்ளையை அவளின்ரை இடத்திலை போட்டு, இவளை விளையாட விடாமல் வாங்கிலை இருத்திப் போட்டான். மச்சுக்குப் பிறகு மச், இருந்தபடிதான். ஒரு ஞாயிறு மத்தியானம், உலையிலை அரிசி கொதிக்குது, ரெலிபோனிலை விக்கி விக்கி அழுறாள். "காணும் அம்மா. நான் விட்டிட்டு வீட்டை வாறன். அப்பாவிட்டைக் கேளுங்கோ, வரட்டோ?"

இஞ்சாருங்கோ, என்ரை நெஞ்சு என்ன பாடுபட்டிருக்கும்? அவள் வந்தால் இஞ்சை ஏதும் பள்ளிக்கூடத்திலை படிப்பிப்பாள். என்னோடை இருந்து சாப்பிடுவாள், என்னோடை கதைப்பாள். பந்து இல்லாட்டி நீங்களும் இல்லை. கடைசியிலை என்ரை பிள்ளை எனக்கு. வரட்டாம் எண்டு ஒரு சொல்லுச் சொன்னால் காணும். நீங்கள் அங்கை தொங்கிக்கொண்டு சிரிக்கிறியள்.

ஆனா நான் மச் எல்லாம் பாத்தனான். அமெரிக்கப் பிள்ளை நல்லாப் போடும், இல்லையெண்டில்லை. ஆனா இவள் பந்தைக் கொண்டு வரேக்கைதான் மற்ற நாலு பேரும் ஓடுவினம். அது அவளின்ரை இடம். எனக்குத் தெரியும்.

"நிக்கட்டாம்" எண்டன். "அப்பா நிக்கட்டாம் எண்டு சொல்லுறார்."

மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்: "நீங்கள் என்ன சொல்லுறியள், அம்மா?"

பிறந்து இவ்வளவு காலத்திலை பந்தைப் பற்றி அவள் என்னட்டைக் கேட்ட முதல் கேள்வி. நான் என்ன சொன்னன் எண்டு நினைக்கிறியள்? "வா பிள்ளை. வீட்டை வா" எண்டு சொல்லிப்போட்டன். வாய் கேக்கேல்லை.

அழுகைக்குள்ளை சிரிச்சாள். "தெரியும், நீங்கள் அம்மாதானே. ஆனா அப்பா சொல்லுறதுதான் சரி" எண்டாள்.

நிண்டிட்டாள். நத்தார்ப் பெருநாளுக்குப் பிறகு அந்த இடம் திரும்ப அவளுக்கு. அடுத்த வருசத்துக்கும் இருக்கச் சொல்லிக் கிளப்பாலை கேட்டிருக்கினம். எல்லாம் அப்பாவாலையாம்.

இப்ப சொல்லுங்கோ. நீங்கள் இருந்திருந்தால் நிக்கச் சொல்லியிருப்பியளே? அவள் ஒருக்கா விம்மினால் உங்களுக்குச் சோறு இறங்காது. அடுத்த பிளேனிலை ஏறிப் போய், பிள்ளையைக் கையிலை பிடிச்சுக் கூட்டிக்கொண்டு வந்திருப்பியள். எனக்கு உங்களைத் தெரியாதே? பிள்ளை அழ அழ நில்லெண்டு சொல்லுற மனம் உங்களிட்டை ஒருநாளும் இருந்ததில்லை. அப்ப அவளை அங்கை நிக்கவைச்ச அந்த அப்பா ஆர்?

அவளுக்கு நான் இதைச் சொல்லமாட்டன். அம்மா சொன்னால் அம்மாக் கதை, அப்பா சொன்னால் அவளுக்குக் காலிலை பலம் வருது. அது நல்லாயிருக்கட்டும். அவள் விளையாடுற காலம் முழுக்க, கேக்கிற நேரமெல்லாம் உங்கடை படத்தைப் பாத்து நல்ல மறுமொழியாய்ச் சொல்லுவன். இது சத்தியம். ஆனா மேலை ஆரும் உங்கடை மகளைப் பற்றிப் புழுகினால், "என்ரை மனுசி சொல்லிக் குடுத்தது" எண்டு ஒருக்காவெண்டாலும் சொல்லுங்கோ.

உங்கடை மனுசி புஷ்பம்,
டிலானிக்கு அம்மா, ஞாயிற்றுக்கிழமையளிலை அப்பாவும்.