சோபாவின் பாவனைக் கணக்கு

ஒக்டோபர் 13, திங்கள்

கணக்காளர் நித்தியானந்தன் டூட்டிங் ஒபிசில் இருந்து போன் எடுத்தார். "குத்துமதிப்பாப் பாதி பாதி எண்டு போடாதேங்கோ அக்கா. வீட்டிலை பிள்ளை பாக்கிறனீங்கள், சேர்ந்து பாவிக்கிற சாமானை ஒரு கிழமைக்கு எழுதிக் காட்டினால் வரியிலை சரியாக் கழிக்கலாம்."

கொப்பி வாங்கிக் கோடு போட்டேன். இடது பக்கம் வீட்டுப் பாவனை, வலது பக்கம் தொழில் பாவனை. நான் காசுக்குப் பார்க்கிற நாலு பிள்ளைகளும் வலது பக்கம். என்ரை மனுசன் றொனால்ட் எட்டிப் பார்த்தார்.

"றூபினி, அப்ப நான் எந்தப் பக்கம்?"

"கட்டின மனுசன் வீட்டுப் பக்கம்தான். வேறை என்ன?"

ஒக்டோபர் 14

கழிவறையில் இரண்டு பேப்பர் ரோல் வைத்தேன். பச்சைப் புள்ளி போட்டது பிள்ளைகளுக்கு. பத்து மணிக்குள் றொனால்ட் பச்சையில் பாதியை முடித்துவிட்டார்.

"அவசரத்திலை நிறம் பாக்கேலுமோ?"

நியாயம்தான். ஆனால் எந்தப் பக்கம் எழுதுவது?

ஒக்டோபர் 16

"அந்தோனியார் எத்தினை வீதம்?" என்று நக்கலடித்தார். வீட்டில் இருக்கிற அந்தோனியார் சுருவத்தைப் பிள்ளைகளும் காலையில் கொஞ்சி முத்துவார்களாம். ஏசினேன். மத்தியானம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். முத்துகிறவர்கள் ஆறு பேர், அதில் நாலு தொழில். ஆண்டவரே, மன்னியும்.

ஒக்டோபர் 17, வெள்ளி

சோபாவின் மணிக்கணக்கைக் கூட்டிப் பார்த்தேன். பிள்ளைகள் ஒன்பது மணித்தியாலம், றொனால்ட் நாற்பத்தொன்று. முழங்கால் ஒப்பரேசனுக்குப் பிறகு இனி பஸ் ஓட்டக்கூடாது என்று டொக்டர் சொன்னதில் இருந்து மனுசன் அதிலேதான். "சோபாவைப் பழுதாக்குவது றொனால்ட்" என்று எழுதி அடிக்கோடும் போட்டேன்.

வாசித்துவிட்டார். குஷனைத் தட்டி நேராக்கிவிட்டு எழும்பிப் போனார். கறியில் உப்புக் கூடினாலே கால் மணித்தியாலம் பேசுகிற ஆள்.

ஒக்டோபர் 20, திங்கள்

நிற்கிறார். அந்த முழங்காலோடு! தேத்தண்ணியும் குசினிக் கதவடியில் நின்றபடி.

"இருங்கோவன்."

"வேண்டாம். தொழில் பாதிக்கும்."

ஒக்டோபர் 21

இரண்டு மணித்தியாலம் காருக்குள் இருந்தார். வீட்டை விட்டுத் துரத்திவிட்டேனா என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்கிறாள்.

ஒக்டோபர் 22

சாப்பிட்டதும் நாலு பிள்ளைகளும் சோபாவில் ஏறி முன்னுக்குப் பார்த்தபடி இருந்தார்கள். இருபது நிமிடம். பிறகுதான் விளங்கியது, சாரதிக்குக் காத்திருக்கிறார்கள்.

ஒவ்வொரு நாளும் இவர் சோபாவில் இருந்து, சட்டி மூடியை ஸ்டியரிங்காகச் சுற்றி, தன்னுடைய பழைய 109ஆம் நம்பர் லண்டன் பஸ்ஸை ஓட்டுவார். தோர்ண்டன் ஹீத், நோர்பரி, ஸ்ட்ரெதம் என்று நிறுத்தங்களைச் சொல்லச் சொல்ல, பிரிக்ஸ்டன் வருமுன் நாலும் நித்திரை. இன்று மூடியை நான் எடுத்தேன். ஸ்ட்ரெதமுக்குப் பிறகு நோர்பரி என்றேன்.

"ரோங் பஸ், அன்ரி" என்று அபிஷேக் இறங்கிவிட்டான். மூன்று வயது.

ஒருவரும் தூங்கவில்லை. என்ன விசர் வேலை பாத்தனான்! அந்த மனுசனுக்கு மிச்சமிருந்ததே அந்த ஒரு ரூட்தானே. அதையும் மணித்தியாலக் கணக்கு எழுதிப் பறிச்சுப் போட்டன்.

மன்னிப்புக் கேட்பதற்குப் பதிலாக, கொப்பியின் இடது பக்கத்தில் இவருக்குக் கீழே அந்தப் பஸ் நேரத்தையும் எழுதி வைத்தேன்.

ஒக்டோபர் 25, சனி

இருவரும் டூட்டிங் போனோம். பஸ் சீட்டில் மட்டும் இருந்தார்.

நித்தியானந்தன் கொப்பியைப் புரட்டி, றொனால்டின் கணக்கு இருந்த இடத்தில் விரலை வைத்தார்.

"'பஸ் பாவனை, தினமும் 45 நிமிடம்'. அக்கா, பஸ்ஸும் வைச்சிருக்கிறியளோ? முந்திச் சொல்லேல்லையே! எத்தினை மைல்?"

"அது அந்தப் பாவனை இல்லை, தம்பி. ஓட்டுற மாதிரிப் பாவனை."

மூடியில் இருந்து பிரிக்ஸ்டன் வரை சொன்னேன். இவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நித்தியானந்தன் சிரிக்கவில்லை.

"பிள்ளையளை நித்திரையாக்கிறது உங்கடை தொழிலெல்லோ? அண்ணையைப் பிழையான பக்கத்திலை போட்டிருக்கிறியள்."

"ஓம். பிழைதான்" என்றேன். இவருக்குக் கேட்கும்படி.

நாற்பத்தைந்து நிமிடம் வலது பக்கம் போனது.

"மற்ற நேரம் சோபாவிலை என்ன செய்வியள் அண்ணை?"

"டிப்போவிலை நிக்கிறனான்" என்றார் றொனால்ட்.

ஒக்டோபர் 27, திங்கள்

மத்தியானம் 1.10க்கு 109 புறப்பட்டது. நோர்பரியில் நான் கையைக் காட்டினேன். நிறுத்தி, டிக்கெட் கார்டைத் தட்டச் சொன்னார். கையில் கொப்பிதான் இருந்தது. அதையே மூடியில் தட்டினேன்.

சோபாவில் இருக்க இடமில்லை. பிரிக்ஸ்டன் வரை நின்றுகொண்டே போனேன்.