கறுப்பு மை வைத்த இடம்

கருகிய முடி நாற்றம் இன்று ஆய்வகத்தில் மூக்கைத் துளைத்தது. எலியின் முதுகைச் சரியாக மழிக்காமல் யாரோ லேசரைப் பாய்ச்சிவிட்டார்கள். நான் கத்திய கத்தலில் அறையே அடங்கிப்போனது. பிறகுதான் உன் நினைவு வந்தது. கழிப்பறைக்குள் போய் அழுதேன்.

இதே ஆய்வகத்தில் நாம் இருவரும் செய்த அந்தத் துகள்களை எவ்வளவு நம்பினோம். கரும்பச்சை நிறத்தில் கரிம நானோ துகள்கள். எலியின் புற்றுக்கட்டிக்குள் ஊசியால் ஏற்றி, கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளியை ஐந்து நிமிடம் பாய்ச்சினால், ஒளியைக் குடித்துச் சூடேறிக் கட்டியைப் பொசுக்கும். முதல் எலியின் கட்டி கருகி உதிர்ந்த அன்று என் முதுகில் ஓங்கி அடித்தாய். "செத்தொழிஞ்சுது புள்ள" என்றாய். உன் கோபிநத்தத்து ஊர்ப் பேச்சு சந்தோஷத்திலும் சண்டை மாதிரிதான் இருக்கும்.

அடுத்த மாதம் உன் மார்பிலேயே கட்டி. டாக்டர் உடனே அறுவை சிகிச்சை என்றார். "கத்தி வெக்க உடமாட்டேன். நம்ம துகளை எனக்கே ஏத்திப் பாரு" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாய். "பார்க்கலாம், இரு" என்றேன்.

அப்போதே எனக்குத் தெரியும். லேசருக்குக் குறி வைக்க, எல்லாக் கட்டிகளின் மீதும் கறுப்பு மார்க்கரால் பெரிய பொட்டு வைத்தது நான்தான். துகளே ஏற்றாத எலியின் கட்டியும் வெந்திருந்ததை அந்த வாரம்தான் பார்த்தேன். சூட்டை இழுத்தது மை. துகள் ஏதாவது செய்ததா என்பதே தெரியாது. உன் முகத்தைப் பார்த்து இதைச் சொல்லத் துணிச்சல் இல்லாமல் மூன்று மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நீயும் ஆஸ்பத்திரிப் பக்கம் போகவில்லை.

கடைசியில் உண்மையைச் சொன்ன மதியம், துகள் குப்பிகளை ஒவ்வொன்றாகச் சுவரில் அடித்து உடைத்தாய். பிறகு என்னை அறைந்தாய். கடைவாயில் ரத்தம் வந்தது. "மொதல்லயே சொல்லியிருந்தா அன்னிக்கே அறுத்திருப்பேனேடி" என்றாய். ஸ்கேன் எடுத்தபோது புற்று கல்லீரலுக்குப் போயிருந்தது.

கடைசி வாரத்தில் உனக்காக ஜெபம் பண்ண, மண்டி மொஹல்லா வீட்டிலிருந்து என் அம்மா வந்தார். நான் கதவருகே நின்றேன். "கோபம் பேடா கண்ணு, அவள மன்னிச்சிடு" என்று, கோபம் வேண்டாமென்பதைக் கன்னடம் கலந்து சொன்னார் அம்மா. "மாட்டேனுங்கம்மா" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாய்.

இப்போது மை இல்லாமல் எல்லாவற்றையும் மறுபடி செய்திருக்கிறேன். துகள் ஏறிய கட்டி சுருங்குகிறது, ஏறாதது அப்படியே இருக்கிறது. நிஜமாகவே வேலை செய்கிறதடி, பாவி. மனிதர்களுக்கு வர இன்னும் எத்தனையோ வருடம் ஆகும்.

நீ என்னை மன்னிக்கவில்லை. மன்னித்திருந்தால் அடுத்த தப்பையும் மறைத்திருப்பேன்.