சருகுமான் விட்டுப்போகாத எலும்பு

திண்டுக்கல்,
12.6.1998

அன்புள்ள பிராங்கிளின்,

இங்கே சுகம். நீயும் டெய்சியும் அப்படியே இருக்க வேண்டும். வழக்கம்போல் எண் போட்டுச் சொல்கிறேன்.

1. நம் புத்தகத்தில் நான் ஏற்காத வரி.
2. அது ஏன் தவறு.
3. ஆதாரம்.
4. நான் செய்யப்போவது.

"பழைய எலும்பு கிடைக்காததால், சருகுமான் நம் மலைகளுக்குப் பிற்காலத்தில் வந்தது" என்று எழுதியிருக்கிறாய். குளம்புள்ள விலங்குகளில் வெட்டவெளியில் மேய்பவை ஆற்றோரம் செத்தால் வண்டல் மூடும், எலும்பு கல்லாகும். முயலளவே உள்ள சருகுமான் போல அடர்காட்டில் சாவது மக்கிப்போகும். இடைவெளி எலும்புச் சான்றில்தான், விலங்கின் இருப்பில் அல்ல.

சித்தையன்கோட்டை ஆட்டுக்காரர் சடையாண்டியிடம் செத்த ஆடு இரண்டு கேட்டு வாங்கினேன். "செத்த ஆட்டுக்கு இம்புட்டு மரியாதையா சார்!" என்றார். ஒன்றைக் குடகனாற்றங்கரையிலும் மற்றதைச் சிறுமலைக் காட்டிலும் போட்டு, பதினான்கு மாதம் பார்த்தேன். ஆற்று ஆடு வண்டலுக்குள் பத்திரம். மலை ஆட்டில் ஒரு பல்கூட மிச்சமில்லை. அமில மண் தின்றுவிட்டது.

அந்த வரி இருந்தால் என் பெயர் வேண்டாம். ஐம்பது வருடச் சிநேகத்தில் உன்னை எதிர்த்ததில்லை. ஆனாலும் எழுதிவிட்டேன்.

ஞானராஜ்


சென்னை,
20.6.1998

ஏலே ஞானம்,

செத்த ஆட்டுக்கு மாதாந்திர ரிப்போர்ட்டா? டெய்சி சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டாள். பதினாலு மாதத்தில் மண் பல்லைத் தின்னுமாய்யா? கிடைக்காத எலும்பை வைத்து நான் என்னத்தை எழுத? அறுபத்தொன்பது வயதில் உனக்கு முதல் புத்தகம். அட்டையும் தயார். ஒரு வரிக்காகக் கெடுத்துக்கொள்ளாதே. இத்துடன் இருக்கும் சம்மதப் படிவத்தில் கையெழுத்திட்டு அனுப்பு.

பிராங்கிளின்


திண்டுக்கல்,
3.7.1998

அன்புள்ள பிராங்கிளின்,

படிவத்தைக் கையெழுத்தில்லாமல் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அட்டையில் என் பெயரை அடித்துவிடு.

சருகுமான் முன்பே இருந்தது என்று எழுதச் சொல்லவில்லை; பின்னால் வந்தது என்று எழுதாதே என்கிறேன். தெரியாது என்று அச்சடிக்க உனக்கு ஏன் இவ்வளவு கூச்சம்? எனக்கு எல்லாவற்றிலும் சந்தேகம் வரும், என் கணக்கிலேயே வரும். இதில் வரவில்லை.

உன் கேலிக்குப் பிறகு சடையாண்டியோடு மறுபடி மலையேறினேன். பாறையிடுக்கில் முள்ளம்பன்றி வளை. வாசலில் கொறித்த கால் எலும்பு, மலை ஆட்டுக்கு அடையாளமாக நான் கம்பியில் கட்டிய தகரச் சீட்டோடு கிடந்தது. "சார், மண்ணு மேல பழி போட்டுட்டீகளே!" என்று அவரும் சிரித்தார். மக்கினாலும் கொறித்தாலும் காட்டில் எலும்பு தங்குவதில்லை, அதிலிருந்து நகரமாட்டேன்.

ஆனால் மூன்றாவதில், ஆதாரத்தில், நான் எழுதியது தவறு. தின்றது மண் அல்ல. டெய்சியிடமும் சொல்லிவிடு.

ஞானராஜ்