அஞ்சலை அக்கா கேட்ட பாதி வாளி

என் அன்புக்குரிய அஞ்சலை அக்கா,

உங்களுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் தோட்டத்து லயத்து வீடுகளில் யாருக்குக் கடிதம் வந்தாலும் நான் வாசித்துக் காட்டுகிற நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவீர்கள். தூணில் சாய்ந்து நின்றபடியே கேட்பீர்கள். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாதே! உங்களுக்கென்று ஒரு கடிதம் வந்ததில்லை. இன்று நான் எழுதுகிறேன், கேட்க நீங்கள் இல்லை. அதனால் இதைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். வேறு தோட்டங்களில் யாராவது உரக்கப் படிக்கட்டும்.

நான் இந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு மருந்து கட்டும் டிரசராக வந்த முதல் வாரம் நினைவிருக்கிறதா? குன்றின் சரிவில் ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டு பின்பக்கமாக இறங்கி வந்தாள். அது நீங்கள். "ஏன்க்கா இப்படி நடக்குறீங்க?" என்று கேட்டேன். "முன்னால இறங்குனா முட்டி கத்துது தம்பி. இப்படி இறங்குனா முனகுறதோட சரிலா," என்று சிரித்தீர்கள். ஐம்பது வயதிருக்கும் என்று நினைத்தேன். பெயர்ப் புத்தகத்தைப் பார்த்தால் முப்பத்திரண்டு.

பத்து வயதில் அம்மாவோடு ஊரிலிருந்து இந்த ரப்பர் தோட்டத்துக்குக் கப்பலில் வந்தீர்கள். பதினொன்றில் காண்டாக் கம்பைத் தோளில் வைத்தார்கள், இரண்டு முனையிலும் கித்தாப் பால், அதுதான் ரப்பர் மரத்துப் பால், நிறைந்த வாளி. அம்மா காய்ச்சலில் போன பிறகும் வாளி போகவில்லை. இருபத்தைந்தில் முட்டி மடங்க மறுத்தது. முப்பதில், வெட்டுக் கத்தி பிடித்த விரல்கள் இஞ்சிக் கிழங்கு மாதிரி முடிச்சு விழுந்துவிட்டன. அக்கா, இதையெல்லாம் நீங்கள் ஒரு நாளும் குறையாகச் சொன்னதில்லை. உங்கள் கவலை வேறாக இருந்தது.

பக்கத்து வீட்டுப் பவளத்தைக் கூட்டிக்கொண்டு வந்தீர்களே, அந்த நாளைச் சொல்கிறேன். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. இடது முட்டி வீங்கிச் சூடாக இருந்தது, தோளில் கம்பு அழுத்திய இடத்தில் ஒரு கட்டி. நான் எண்ணெய் தடவினேன், துணி சுற்றினேன், என் புத்தகத்தில் "வேலைக்குத் தகுதி" என்று எழுதினேன். எல்லாருக்கும் எழுதுவதுதான்.

"எண்ணெய் போட்டீங்க, சரி. தூக்குற பாரத்தை யாரு தம்பி குறைக்கிறது?"

"அது என் வேலை இல்லையேக்கா."

"அப்ப யாரு வேலை?"

மறுநாள் காலையில் உங்களோடு மலைக்கு வந்தேன். மழை பெய்து பாதை சேறாகக் கிடந்தது. பவளத்தின் காண்டாவை வாங்கி என் தோளில் வைத்துப் பார்த்தேன். ரோட்டுக்கு வந்து சேர்வதற்குள் மூன்று முறை இறக்கி வைத்தேன். நான் ஆண்பிள்ளை, செருப்புப் போட்டவன். அந்தப் பிள்ளைகள் வெறுங்காலோடு என்னைத் தாண்டி இறங்கிப் போனார்கள்.

நீங்கள் கேட்டது பெரிய காரியமா? சின்னப் பிள்ளைகளுக்குப் பாதி வாளி. சரிவின் பாதியில் பெரியவர்கள் வாங்கிக்கொள்வது. தோள் மாற்றித் தூக்க வழியில் ஒரு நிமிஷம். முட்டி வீங்கிய பிள்ளை, வீக்கம் வடியும் வரை உட்கார்ந்து, மரத்தில் பால் பிடிக்கிற மங்கு கழுவட்டும். இவ்வளவுதான். கங்காணியிடம் நீங்கள் பேசினீர்கள், துரைக்கு நான் எழுதினேன். ரப்பர் விலை விழுந்து கிடந்த காலம் அது. பாலுக்கு அவசரம் இல்லை. மழைக்காலம் முடியும் வரை அப்படியே செய்யட்டும் என்று துரை சொல்லிவிட்டார்.

அந்தச் சில மாதங்கள்! பவளத்தின் வீக்கம் வடிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் ஆற்றங்கரையில் ஓடிப்பிடித்து விளையாடியதை நாம் இருவரும் பார்த்தோம். "எனக்கு அந்த வயசுல ஓடுன ஞாபகமே இல்ல தம்பி," என்றீர்கள். அதைச் சொல்லும்போது உங்கள் முகத்தில் வருத்தம் இருந்ததா, சந்தோஷம் இருந்ததா? இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

பிறகு விலை ஏறியது. ஆளுக்குப் பால் வெட்ட வேண்டிய மரங்களைக் கூட்டினார்கள். பாதி வாளியாகத் தூக்கினால் ஸ்டோருக்குப் பால் வந்து சேர்வதற்குள் உறைந்துவிடுகிறது என்று கணக்கு எழுதும் கிராணி புகார் சொன்னார். ஒரே நாளில் எல்லாம் பழையபடி ஆனது. காலையில் பெயர் கூப்பிடுகிற பிரட்டில், அத்தனை பேர் நடுவில், நீங்கள் கம்பை ஊன்றிக்கொண்டு முன்னால் வந்தீர்கள்.

"பிள்ளைங்க பாதிதான் தூக்கும் கங்காணி. மீதிய நாங்க தூக்குறோம்."

"நீ மொதல்ல ஒழுங்கா நட, அப்புறம் தூக்கலாம்," என்றார் கங்காணி. சிலர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை அக்கா. ஆனால் வாயும் திறக்கவில்லை.

இரண்டு நாளில் உங்களைச் சோதித்து எழுதச் சொல்லி எனக்கு உத்தரவு வந்தது. ஈப்போவிலிருந்து மாதம் ஒருமுறை வரும் டாக்டர், என் புத்தகத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறவர். நான் எழுதுவதுதான் முடிவு. உங்கள் முட்டியைத் தொட்டுப் பார்த்தேன். "வேலைக்கு லாயக்கில்லை" என்று எழுதினேன். அது உண்மைதான். அப்படி எழுதினால் ஊருக்குக் கப்பல் ஏற்றிவிடுவார்கள் என்பதும், அந்த ஊரில் உங்களுக்கு ஒரு கதவுகூட இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

நீங்கள் கோபப்படவில்லை. மாட்டுவண்டியில் ஏற்றிவிட்டபோது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னீர்கள்: "நெசத்தத்தானே எழுதுனீங்க தம்பி. அந்த நெசத்தைப் பிள்ளைங்களுக்கும் எழுதியிருக்கலாம்லா."

பினாங்கில் கப்பலுக்குக் காத்திருந்த கொட்டகையில் உங்களுக்குக் காய்ச்சல் வந்ததாம். ஆறாவது நாளே போய்விட்டீர்களாம். அங்கிருந்து திரும்பி வந்த ஒரு ஆள் சொன்னார். கடைசியில் யார் தண்ணீர் கொடுத்தார்கள்? எங்கே புதைத்தார்கள்? கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை.

இங்கத்திச் செய்தி சொல்கிறேன். பவளத்துக்கு இப்போது பதினைந்து. அவளால் குந்தி உட்கார முடியவில்லை. அடுப்பைச் செங்கல் வைத்து உயர்த்திக் கொடுத்திருக்கிறார் அவள் அப்பா. நின்றபடியே சோறு ஆக்குகிறாள். காலையில் விரல்கள் விரிய நேரம் எடுக்கிறது என்று அவள் என்னிடம் சொல்லவில்லை. கத்தியைப் பிடிக்கும் முன்னால் உள்ளங்கையைத் தொடையில் தேய்த்துக்கொண்டே இருந்ததை நானே பார்த்தேன். இனி என்ன எண்ணெய் தடவினாலும் அந்த முட்டி பழையபடி ஆகாது. எனக்குத் தெரிந்த வைத்தியத்தில் அதற்கு வழி இல்லை.

போன வாரம் புதிதாக ஆறு பெண்பிள்ளைகள் வந்தார்கள். மூத்தவளுக்கே பதின்மூன்று இருக்கும். அவர்களைச் சோதித்தேன். ஆறு பேருக்கும், "பாரம் தூக்கக் கூடாது, இலேசான வேலை மட்டும்" என்று எழுதினேன். துரை கூப்பிட்டார். புத்தகத்தைத் திருப்பி என் முன்னால் வைத்து, திருத்தச் சொன்னார். பேனாவைக் கையில் எடுத்துவிட்டேன் அக்கா, உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? ஆனால் திருத்தவில்லை. அவரே ஒரு கோடு இழுத்து அடித்துவிட்டார். இன்று காலை ஆறு பேரும் நிறை வாளியோடு இறங்கினார்கள். கடைசியில் வந்தவள் பாதி வழியில் வழுக்கி உட்கார்ந்தாள். பால் சிந்தியதற்காக அவளைத்தான் திட்டினார்கள்.

அடுத்த மாதம் வேறு டிரசர் வருகிறார் என்று கிராணி சொன்னார். வருகிறவர் நல்லவராகவே இருக்கலாம். நானும் நல்லவன்தானே, என்ன செய்தேன்? அவரும் எண்ணெய் தடவுவார், துணி சுற்றுவார். நான் எழுதியதை நினைத்துப் பார்க்க இங்கே யாருக்கும் நேரம் இருக்காது. ஏதாவது மாறும் என்று உங்களிடம் பொய் சொல்ல எனக்கு மனமில்லை.

ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். இங்கே எனக்கு மிச்சமிருக்கிற நாட்களிலும், இனி எந்தத் தோட்டத்துக்குப் போனாலும், என் முன்னால் வந்து நிற்கிற பிள்ளையின் முட்டி எப்படி இருக்கிறதோ அப்படித்தான் எழுதுவேன். கோடு போட்டு அடிக்கிறவர்கள் அடித்துக்கொள்ளட்டும். அந்தக் கோட்டை ஒரு நாளும் என் கையால் இழுக்கமாட்டேன்.

உங்களோடு பிறக்காத, ஆனால் நீங்கள் கூப்பிட்டுக் கூப்பிட்டே சொந்தமாக்கிக்கொண்ட
உங்கள் தம்பி,
சிங்காரம்