பின்னறைச் சாமான்

யூலை 7, செவ்வாய்
கச்சான் காற்று. கூட்டக் கூட்டப் புழுதி. தங்கச்சி புஷ்பம் வெள்ளிக்கிழமை கப்பல்துறைப் புகுந்த வீட்டிலிருந்து வருகிறாள், தலைப்பிள்ளைப் பேற்றுக்கு. அம்மா இல்லை, என் வீடுதான் அவளுக்குத் தாய்வீடு. பின்னறையை ஒழித்தாக வேண்டும்.

உள்ளே இருப்பவை: கன்வஸ் சுருள் 3. கப்பல் விளக்கு 5, ஒன்றும் எரியாது. எனாமல் பேசின் 11. காலில்லாக் கதிரை 4. கயிறு, சாக்கு மூட்டை, ஆணி போட்ட தகரப் பேணி, கணக்கில்லை.

எல்லாம் வெள்ளைக்கார நேவி போனபோது இவர் ஏலத்தில் எடுத்தவை. தனிச் சாமான் கொடுக்கமாட்டார்களாம், குவியலாகத்தான். ஒரு அலுமாரிக்காகக் குவியலை எடுத்தார். அலுமாரியைக் கறையான் தின்றது, குவியல் இருக்கிறது. "ஒருநாளைக்குத் தேவைப்படும்." ஏழு வருஷமாக இதே கதை. அந்தக் கதவைத் திறந்தாலே எனக்கு மூச்சு முட்டுகிறது.

யூலை 8, புதன்
இவர் சீனன்குடாவுக்கு வேலைக்குப் போனதும் பழஞ்சாமான் எடுக்கும் கிண்ணியா காதர் நானாவைக் கூப்பிட்டேன். இரண்டு சாக்கு, வாய் தைத்தபடியே கொடுத்தேன்.
"பிரிச்சுப் பாக்கல்லியா பிள்ளை?"
"வேண்டாம் நானா, கொண்டு போங்கோ."
தலைப்பாரம் இறங்கினது. இருந்து தேத்தண்ணி குடித்தேன்.
பி.ப. 5. நான் முற்றத்தில் போட்ட கதிரைகளை இவர் திரும்ப உள்ளே அடுக்கினார். பத்திக்கொண்டு வந்தது.

யூலை 10, வெள்ளி
புஷ்பம் மாமியாரோடு வந்தாள். மாமியார் அறை வாசலோடு நின்றுவிட்டார். "இதுக்கை கட்டிலை எங்கை போடுறது? பிள்ளை எங்களோடையே இருக்கட்டும்." வந்த காரிலேயே திரும்பினார்கள். "பரவாயில்லை அக்கா" என்றாள் புஷ்பம், முகம் பார்க்காமல். தலைப்பிள்ளைக்குத் தாய்வீடு இல்லாமல் போனாள். வெட்கம். அழுகை.
இவரிடம் வாயில் வந்ததெல்லாம் பேசினேன். இது வீடில்லை, ஸ்டோர் என்றேன்.

யூலை 12, ஞாயிறு
கோயிலால் வந்து பார்க்கிறேன், பின்னறை வெறுமை, சாமானெல்லாம் முற்றத்தில். கழுவி, கட்டிலும் போட்டிருக்கிறார். நேற்றே கப்பல்துறைக்குப் போய் மாமியாரிடம் கேட்டாராம். நாளைக்குப் புஷ்பம் வருகிறாள். சந்தோஷத்தில் கை கால் ஓடவில்லை.
இவர் முற்றத்தில் குந்தி, பேணி பேணியாகக் கொட்டிக்கொண்டிருந்தார்.
"என்ன தேடுறீங்கள்?"
"ரெண்டு பித்தளைக் கொளுக்கி. ஏணைத் தொட்டில் கட்ட. அந்த ஏலத்திலை எங்கட பிள்ளைக்கெண்டு எடுத்து வைச்சனான். எங்களுக்குத்தான் இல்லை, புஷ்பத்தின்ரை பிள்ளைக்காவது உதவட்டும்."
ஏழு வருஷம். ஒரு வார்த்தை சொல்லவில்லை மனுஷன்.
"எதுக்குள்ளை வைச்சீங்கள்?"
"ஒரு சாக்கிலை. துலையாமல் வாயும் தைச்சனான். சாக்கைக் காணேல்லை, பிறகு பேணிக்குள்ளை மாத்தினனோ தெரியாது."
பொழுதுபடும் மட்டும் தேடினார். நானும் பக்கத்தில் குந்தி, பேணி பேணியாகக் கொட்டித் தேடினேன்.