மேனுகாவின் கண்ணில் ஷெல் இல்லை

உடையார்கட்டு,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பின் தம்பி செந்தூரனுக்கு,

நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்கவேண்டும். போனில் உன் குரலைக் கேட்டால் வாயில் வரக்கூடாதது வந்துவிடும். அதனால்தான் கடிதம்.

வெளிநாட்டில் காசு சேர்க்க உங்கள் சங்கம் விட்ட நோட்டீசில் என் பிள்ளை மேனுகாவைப் பார்த்தேன். அவள் பெரியபிள்ளையானபோது உனக்கு ஆசையாக அனுப்பிய சாமத்தியவீட்டுப் படம். மாலையை வெட்டி, ஒரு கண்ணுக்குக் கறுப்புக் கட்டு வரைந்து, ‘கண்ணில் ஷெல் துண்டுடன் வன்னிச் சிறுமி’ என்று போட்டிருக்கிறீர்கள்.

நாங்களும் முதலில் அப்படித்தான் நம்பினோம். தலையிடி என்று காட்டப்போன இடத்தில், கண் நரம்பு வீங்கியிருக்கிறது, மூளையில் கட்டியோ தெரியாது என்றார்கள். ஸ்கானில் கண்ணுக்குப் பின்னால் வெள்ளைப் புள்ளி. இங்கே வெள்ளைப் புள்ளி என்றால் எல்லோருக்கும் ஷெல்தான். கடைசிச் சண்டையில் கைக்குழந்தையாகப் பங்கருக்குள் கிடந்தவள் அல்லவா? உள்ளே இரும்பு இருந்தால் காந்த ஸ்கான் கூடாது என்று முள்ளந்தண்டில் ஊசி குத்தித் தண்ணீர் எடுத்தார்கள். பிள்ளை கத்திய கத்தல்! அதிலும் ஒரு பிழையும் இல்லை.

பிறகு வவுனியாவில் ஒரு கண் டொக்டர், மூடிய இமையில் களி பூசி, வயிற்றுப் பிள்ளையைப் பார்ப்பதுபோல ஸ்கான் செய்தார். இரண்டு கண்ணிலும் நரம்பு தொடங்கும் இடத்தில் சுண்ணாம்பு மணிகள். ட்ரூசன் என்று பெயராம். அவை நரம்பைப் புடைக்கவைத்து வீக்கம்போலக் காட்டுமாம். ஷெல் துண்டு இரண்டு கண்ணிலும் ஒரே இடம் பார்த்துப் போய் இருக்காது என்றார். இதற்கு மருந்தில்லை. பக்கப் பார்வை மெல்லக் குறையலாம், வருடாவருடம் காட்டவேண்டும்.

அன்றைக்கே உனக்குச் சொன்னேன். “ஷெல் எண்டே இருக்கட்டும் அக்கா, நோய் வருத்தமெண்டா இஞ்ச ஒருத்தரும் காசு தரமாட்டினம்” என்றாய். தூ! நீயும் ஒரு மாமனா? பக்கத்து வீட்டுச் சிவரூபியின் தோளில் உண்மையாகவே ஷெல் துண்டு கிடக்கிறது. அவள் நோட்டீசைப் பார்த்துவிட்டுப் போனைத் திருப்பித் தந்தாள். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மேனுகா பள்ளிக்கூடம் போவதை விட்டுவிட்டாள். “நான் பொய்க்காரியோ அம்மா?” என்று கேட்கிறாள்.

டொக்டர் என் கண்ணையும் பார்த்தார். எனக்கும் இருக்கிறது. இரத்தத்தில் வருவதாம், கூடப்பிறந்தவர்களும் காட்டவேண்டுமாம். நீ பெரிய லொறி ஓடுகிறவன். பக்கத்தால் வருவது தெரியாமல் போனால் என்ன செய்வாய்?

அந்தப் படத்தை இன்றைக்கே எடு. இல்லை, முதலில் போய்க் கண்ணைக் காட்டு. பிறகு எடு.

உன்னோடு கோபம் ஆறாத
அக்கா கௌசலா